மஞ்சள் பூசிய முளை

பேரையூர் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் தவசி, கீழத்தெருவில் சைக்கிளை நிறுத்தியதும் தலையில் அடித்துக்கொண்டான். போர்வெல் போட இடம் குறித்து அவன் அடித்துவிட்டுப் போன மரமுளைக்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகியிருந்தார்கள். தெருவிலேயே மூத்தவளான முத்துத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்!

"இது சாமி இல்லம்மா... அடிபம்பு வர்ற இடம்!"

"சாமி தலையில துளை போடுவியாக்கும்? வண்டி வரட்டும், பாப்போம்!"

போர் வண்டி இன்று துளை போடாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்தக் கோடையும் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. சலித்துத் திரும்பியவன் மேல் ஒரு குடம் மோதியது. சட்டையெல்லாம் தண்ணீர்...

"கண்ணு தெரியலையா?"

"ரெண்டு மைல் சொமந்த தண்ணி சார்! குறுக்க நின்னு குதிக்கிறது நீங்க!"

செல்லக்கிளி. அந்தக் கண்களைப் பார்த்ததும் ஓவர்சியரின் கோபம் பாதியில் நின்றது... நின்றதைத் தெருவே பார்த்தது.

"குதிக்காம? மஞ்ச பூசுனவ மட்டும் கையில கெடச்சா..."

அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்தாள். முளையை மேலத்தெருக்காரர்கள் பிடுங்கித் தங்கள் பக்கம் நட்டுவிடக்கூடாதே என்று பூசியது... சொந்தத் தெருவே விழுந்து கும்பிடும் என்று யார் கண்டது? இப்போது சொன்னால் மானம் போகும். தெருவிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் வேறு!

வண்டி வந்தது. முத்துத்தாய் குறுக்கே உட்கார்ந்தாள். டிரைவர் அலுத்துப்போய் வண்டியைத் திருப்பினார்.

"நிறுத்துங்கண்ணே!" செல்லக்கிளியின் குரல் உடைந்தது. "சாமியும் இல்ல, பூதமும் இல்ல... நாந்தேன் பூசுனேன்!"

"அடிப்பாவி! கோழி நேர்ந்துவிட்டேனேடி!"

தெருவே சிரித்தது. அவள் கண்ணீரோடு முளையைப் பிடுங்கி ஓவர்சியர் கையில் கொடுத்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பூமி பிளந்து தண்ணீர் மழையாய்க் கொட்டியது. தவசி செல்லக்கிளியின் அருகில் வந்தான்.

"பம்பு மாட்ட வேற ஆளு வருவாங்க. ஆனா நானும் வாரேன்."

"எதுக்காம்?"

"அட, ஒன்னப் பாக்கத்தேன்! இத வாய்விட்டு வேற சொல்லணுமா?"

"முணுமுணுத்தா ஆச்சா? அம்புட்டுப் பேர் முன்னாடி நான் சொல்லல?"

நொந்துபோய்த் திரும்பினான். தெருவே நனைந்தபடி நின்றது... முத்துத்தாய் காதை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு... இந்தப் புள்ளையப் புடிச்சிருக்கு!"

"கேக்கல மாப்ள!" என்றாள் முத்துத்தாய்.