சிக்னலுக்கு ஒரு பிணம்!

மனித குலம் யுகயுகமாகக் காத்திருந்த அந்த மகத்தான அறிவிப்பு, நகரசபைப் பலகையில் நாலு குண்டூசி குத்தித் தொங்கியது.

நாற்சந்தியை ஒட்டிய விளையாட்டு மைதானம் இனிமேல் ‘திறந்தவெளி’ அல்ல, ‘குடியிருப்புப் பகுதி’. அங்கே இருபது மாடி எழும்பும். அறுநூற்று நாற்பது வீடுகள்! ஆட்சேபம் உள்ளவர்கள் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எழுதித் தரலாம். புதன் காலை குழு கூடி முடிவெடுக்கும்.

செவ்வாய் காலை எட்டு பத்துக்கு...

“ஐயோ!”

நாற்சந்தியில் ஒரு சிமென்ட் லாரி கிறீச்சிட்டு நின்றது. சக்கரத்துக்கு அடியில் ஒரு மனிதர்!

இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பிலிருந்து குதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி. கீழே அட்டை, பேனா, கட்டை விரலால் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி.

“யாருய்யா இவர்?”

“வண்டி எண்ணுறவர் மேடம்,” என்றார் ஏட்டு. “நகரசபை அனுப்பின ஆளு. இந்த ரோட்ல எத்தனை வண்டி போகுதுன்னு உக்காந்து எண்ணணும். மறுபடி எண்ணச் சொல்லியிருக்காங்க. இன்னிக்குதான் ஆரம்பிச்சார்.”

“எத்தனை எண்ணியிருக்கார்?”

ஏட்டு குனிந்து கருவியைப் பார்த்தார். “நாப்பத்தொண்ணு... இந்த லாரியைச் சேர்க்கலை மேடம்.”

இன்ஸ்பெக்டரம்மா முறைத்த முறைப்பில் ஏட்டு இரண்டடி பின்வாங்கினார்.

லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

“மெதுவாத்தான் வந்தேன்மா... அவரா வந்து விழலை. ரோடு தாண்ட ஒரு கும்பல் நின்னுட்டிருந்துச்சு. அதுலேர்ந்து யாரோ புடிச்சுத் தள்ளிவிட்டாங்க!”

கொலை!

பில்டரின் அலுவலகம் குளிர்ந்து கிடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது மாடி பொம்மைக் கட்டடம். சுற்றிலும் பொம்மை மரங்கள். பொம்மைச் சாலையில் ஒரே ஒரு பொம்மைக் கார்.

“வண்டி அதிகம்னு தெரிஞ்சா உங்க கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது. அவர் உள்ளபடி எண்ணிடுவார்னு பயந்துட்டீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பில்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“மேடம்! போன தடவை மணிக்கு முந்நூறு வண்டின்னு எழுதின புண்ணியவான் அவர். எப்போ எண்ணினார் தெரியுமா? ஸ்கூல் லீவுல. அதுவும் ஞாயித்துக்கிழமை! அப்படிப்பட்ட தங்கத்தை நான் எதுக்குக் கொல்லப்போறேன்? தொட்டில் கட்டித் தாலாட்டியிருப்பேனே!”

“அப்போ இந்தச் சாவுல யாருக்கு லாபம்?”

“எனக்கு இல்லை. சந்திப்பு ஆபத்தானதுன்னு தெரிஞ்சா சிக்னல், சுரங்கப்பாதை, ரோட்டை அகலப்படுத்த நிலம்... எல்லாம் நான்தான் தரணும். மைதானத்துல பாதி போயிடும். கட்டடமே எழும்பாது!”

“ஆபத்தானதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க?”

“வருஷத்துல ஒரு விபத்துச் சாவாவது பதிவாகியிருக்கணும். நேத்து வரைக்கும் சைபர். இன்னிக்கு ஒண்ணு!” பில்டர் பெருமூச்சு விட்டார். “சாகறதுக்கு அவருக்கு வேற ரோடே கிடைக்கலையா மேடம்?”

இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சுரீரென்றது.

ஒரு பிணம் விழுந்தால் கட்டடம் விழும். அப்படியென்றால், கட்டடம் வேண்டாம் என்பவர் யார்?

நகரசபைத் தபால் பிரிவில் இருந்த அம்மாள் கொட்டாவியோடு ஒரு கொழுத்த ஃபைலைத் தள்ளினார்.

“எல்லாம் மனு மாமா குடுத்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர். அஞ்சு வருஷமா சிக்னல் கேக்கறார். சீல் குத்தாம இடத்தை விட்டு நகர மாட்டார். ஆனா ஒண்ணு மேடம், கடைசித் தேதியைத் தாண்டி ஒரு நாளும் வந்ததில்லை.”

நாற்பத்தாறு மனுக்களைப் புரட்டி, நாற்பத்தேழாவதில் இன்ஸ்பெக்டரம்மாவின் விரல் நின்றது.

‘மேற்படி சந்திப்பில் செவ்வாய் காலை நிகழ்ந்த வாகன விபத்தில் கணக்கெடுப்பாளர் உயிரிழந்ததை மாண்புமிகு குழுவினர் கனிவுடன் பரிசீலித்து...’

கண் சீலுக்குப் போனது.

திங்கள். மாலை 4.40!

செத்தவர் சாவதற்குப் பதினைந்து மணி நேரம் முன்பே இரங்கல்!

“இதை யாருமே படிக்கலையா?”

“மனுவை எதுக்கு மேடம் படிக்கணும்?” அம்மாள் நிஜமாகவே திகைத்தார். “சீல்தானே குத்தணும்!”

மனு மாமா கதவைத் திறந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பையில் மூன்று பேனா. நகலைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்தார்.

“திங்கள் அஞ்சு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க மேடம். அவன் வர்றதோ செவ்வாய். நான் என்னதான் பண்றது? ரூல்னா ரூல்தானே?”

“கொலை பண்ணியிருக்கீங்க சார்!”

“ரெண்டு வருஷம் முன்னாடி அதே இடத்துல என் வீட்டுக்காரியை வேன் அடிச்சுது. இடுப்பு போச்சு. ஓடிப்போய் மனு குடுத்தேன். காயமெல்லாம் கணக்குல வராது, உயிர் போனாத்தான்னு சொல்லிட்டாங்க. அவ பிழைச்சது ஏதோ குத்தம்ங்கற மாதிரி என்னைப் பார்த்தாங்க மேடம்!”

உள்ளே வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம். டக்... டக்...

“யாருங்க வந்திருக்கறது?”

“சிக்னல் விஷயமா வந்திருக்காங்கம்மா!” என்று குரல் கொடுத்தார் மனு மாமா.

“அதுக்காக ஒரு அப்பாவியைத் தள்ளுவீங்களா?”

“அப்பாவியா? லீவு நாள்ல வந்து எண்ணினவன் மேடம்! கண்டவனைத் தள்ளிவிட நான் என்ன கொலைகாரனா?”

சட்டென்று கை கூப்பினார்.

“என்னை என்ன வேணா பண்ணுங்க. விபத்துன்னு மட்டும் எழுதிடுங்க. தினம் நானூறு பிள்ளைங்க அந்த ரோட்டைத் தாண்டுதுங்க. கொலைன்னு எழுதினா கணக்கு மறுபடி சைபர்!”

ஜீப்பில் ஏட்டு மெல்ல இருமினார். “விபத்துன்னே விட்டுடலாமே மேடம்? நல்ல காரியத்துக்குத்தானே...”

“செத்தவன் பொண்டாட்டி ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா. அவகிட்ட போய் நீ சொல்றியா, நல்ல காரியம்னு?”

ஏட்டு அறிக்கைத் தாளை எடுத்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா அரை நிமிடம் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு எழுதியது.

கொலை.

புதன் காலை பத்து மணி. குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

“மேற்படி சந்திப்பில் ஓராண்டில் நிகழ்ந்த விபத்து மரணங்கள்... பூஜ்யம்! நேற்று நடந்தது கொலை என்று காவல்துறையே தீர விசாரித்துச் சொல்லிவிட்டது. ஆகவே சந்திப்பு முழுக்கப் பாதுகாப்பானது. சிக்னல் தேவையில்லை, சுரங்கப்பாதை தேவையில்லை. இருபது மாடிக்கு அனுமதி!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பில்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். கண்ணில் ஈரம்!

“போலீஸ்னா உங்களை மாதிரி நேர்மையா இருக்கணும் மேடம். மனசாரச் சொல்றேன்... இது நீங்க கட்டின கட்டடம்!”

இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்தார். நகரசபை வாசலிலேயே அந்த நாற்சந்தி. எதிர்ப்புறம் ஜீப்போடு ஏட்டு. நடுவில் இடைவெளியே இல்லாமல் பறக்கும் வண்டிகள்.

“வாங்க மேடம்! முழுக்கப் பாதுகாப்பானதுன்னு தீர்ப்பே வந்தாச்சாமே!”

இன்ஸ்பெக்டரம்மா சாலையில் ஒரு காலை வைத்தார். எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

இருபது நிமிடம் கழித்து, ஏட்டே ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார்.