மூன்று இழுப்பு

“அம்மா, நாம கீழ ஊத்துற தண்ணிய எல்லாம் அங்க யாரும்மா வாங்கிக்கிறா?” என்று வயர்க்காவின் மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள்.

“எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காம வாங்கிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு கண்ணு” என்று வயர்க்கா வானத்தைக் காட்டினாள்.

“மேல இருக்கிறவரு கீழ எப்படி வாங்குவாரு?”

மகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள், கேட்டதையும் மறந்துவிட்டாள். வயர்க்காதான் மறக்கவில்லை. வீடுகளில் கழிவுநீர்க் குழாய் அடைப்பை எடுப்பது அவள் தொழில். நீளமான சுருள்கம்பி வயரை மோட்டாரில் சுழற்றிக் குழாய்க்குள் அனுப்புகிற மெஷின் ஒன்று அவளுக்குச் சொந்தமாக இருந்தது. இருபது வருடத்தில் சொந்தப் பெயர் தேய்ந்து, வயர்க்கா என்பதே பெயராகிவிட்டது.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு குவளை நல்ல தண்ணீரைக் குழாயில் ஊற்றுவாள். அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்தால் அடைப்பு கிட்டத்திலா தூரத்திலா என்று தெரிந்துவிடும். அது தொழில். அதற்கு மேல், வருடம் முழுக்கக் கழிவையே விழுங்குகிற குழாய்க்கு ஒரு வாய் நல்ல தண்ணீர் கொடுப்பது அவளுக்கு ஒரு திருப்தி.

அன்று மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். அந்த வீட்டுக் குளியலறையில் கணுக்கால் அளவுக்கு அழுக்குத் தண்ணீர் நாலு நாளாகத் தேங்கி நின்றது. சோப்பும் முடியும் புளித்துப்போன நாற்றம். மேலே ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதிலும் பாதி பாசி. வயர்க்கா குனிந்து, தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழாய் வாய் இருக்கும் இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே குவளையைச் சாய்த்தாள்.

மடக், மடக் என்று சத்தம் கேட்டது.

அழுக்குத் தண்ணீர் அசையவில்லை. ஒரு துளி குறையவுமில்லை, ஒரு துளி கூடவுமில்லை. அவள் ஊற்றிய தண்ணீர் மட்டும் அதற்கு நடுவே புகுந்து, கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு கோடாக இறங்கிப் போய்விட்டது. இன்னொரு குவளை ஊற்றிப் பார்த்தாள். மடக், மடக். பிறகு யாரோ மூச்சு வாங்கியது போல ஒரு சின்னக் காற்று.

“என்னம்மா, ரேட்டைச் சொல்லாம உள்ளயே நின்னா எப்படி?” என்று வெளியிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர், தனியாள். துவைத்துத் தேய்த்த சட்டையில் கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

“ரப்பர் பம்ப் அடிச்சு எடுத்தா எண்ணூறு ஐயா. வயர் மெஷின் விட்டா ரெண்டாயிரம். பிரஷர்ல தண்ணி அடிச்சுக் கழுவினா நாலாயிரத்தைந்நூறு. இங்க பம்ப் வேலைக்காகாது, வயர்தான்.”

“ஒரு அடைப்புக்கு ரெண்டாயிரமா? குழாய்க்கு என்ன ஆபரேஷனா பண்றே?”

“ஆபரேஷன்தான் ஐயா. மயக்க ஊசி மட்டும் கெடையாது. ஆசிட் ஏதாவது ஊத்தினீங்களா? ஊத்தியிருந்தா மறைக்காம சொல்லிடுங்க. வயர் சுத்தும்போது அது என் மூஞ்சியிலதான் தெறிக்கும்.”

“இல்ல இல்ல.” அவர் தொண்டையைச் செருமினார். “முன்னாடி எல்லாம் தொட்டியில ஆள் இறங்கி முந்நூறுக்கு அள்ளிட்டுப் போயிடுவான். உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது...”

வயர்க்கா நிமிர்ந்தாள். “ஆள் இறங்குற ரேட் என்கிட்ட கெடையாது ஐயா. எந்த வீட்டுலயும் கெடையாது. மெஷின் இறங்கும், ஆள் இறங்காது.”

“கோவத்தைப் பாரு” என்று அவர் முணுமுணுத்தார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

வயரின் நீளம் போதுமா என்று தெரிய, குழாய் போய்ச் சேரும் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். பின்பக்கம், சுவரிலிருந்து முப்பத்தைந்து அடி. கழிவு லாரி வந்து உறிஞ்சுவதற்காகத் தொட்டி மூடியைத் திறக்கிற மாதிரி வைப்பார்கள். இங்கே சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. அது போதாதென்று மேலே பன்னிரண்டு பெரிய மண்தொட்டிகள். ஒன்றிலும் செடி இல்லை. வெறும் மண். பாரத்துக்காகவே வைத்தது போல.

“எப்போ திறந்தது ஐயா?”

“பதினோரு வருஷம் ஆச்சு” என்றவர் உள்ளே போய் டிவியைப் போட்டார்.

வயர்க்கா மெஷினைக் குளியலறை வாசலில் நிறுத்தி, “ஆண்டவனே, துணைக்கு இரு” என்று சொல்லிவிட்டு மிதிகட்டையை அழுத்தினாள். வயர் சுழன்று உள்ளே போனது. பத்தடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றியிருப்பாள். முதல் டேப், இரண்டாவது. இருபத்தெட்டாவது அடியில் கையில் மெத்தென்று ஒரு தடை. துணிக் கந்தல், முடிக்கற்றை, எண்ணெய்க் கட்டி எதுவாக இருந்தாலும் அவள் உள்ளங்கை சொல்லிவிடும். இது எதுவும் இல்லை. அழுத்தினால் உள்வாங்கியது. விட்டால் திருப்பித் தள்ளியது.

வயரை வெளியே இழுத்தாள். சாக்கடையில் போய் வருகிற வயர் எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இழுக்க இழுக்கப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே வருவாள். அன்று துடைக்க ஒன்றும் இல்லை. வயர் பளபளவென்று வந்தது. இருபத்தெட்டு அடியும் காய்ந்திருந்தது. யாரோ உள்ளேயே உட்கார்ந்து, அவள் துடைப்பது போலவே, அங்குலம் அங்குலமாகத் துடைத்து அனுப்பியது போல.

வீட்டுக்குப் போன் செய்தாள். நெஞ்சு வலியால் வேலையை விட்ட கணவர்தான் எடுத்தார்.

“ஏங்க, வயர் சுத்தமா வருதுங்க.”

“குழாய்க்குள்ள போயிருக்காது. நல்லாப் பாரு.”

“இருபத்தெட்டு அடி போச்சு. துடைச்சு வச்ச மாதிரி வருது.”

அவர் தாழ்ந்த குரலில், “மெஷினைத் தூக்கி வண்டியில வை. வந்துடு” என்றார்.

“பாதியில விட்டுட்டு வர நான் என்ன பயந்தாங்கொள்ளியா?”

“நீ பயந்தாங்கொள்ளியா இருந்தா நான் இன்னிக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். பக்கத்து அறையில் டிவி சத்தம் திடீரென்று இரண்டு மடங்கானது. போனை வைத்துவிட்டு மறுபடி வயரை விட்டாள். இருபத்தெட்டில் இந்த முறை தடை இல்லை. முப்பது. நாற்பது. தொட்டி தாண்டியிருக்க வேண்டும். ஐம்பது. அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள். மோட்டார் நின்றது.

வயர் போய்க்கொண்டிருந்தது.

அவசரமில்லாமல் போனது. கிணற்றில் வாளி இறங்குவது போல. அறுபதாவது அடி டேப் தண்ணீருக்குள் மறைந்தது. அங்கே நின்றது. கையுறைக்குள் அவள் விரல்கள் குளிர்ந்தன. வயர் லேசாக ஆடியது.

ஒரு இழுப்பு.

இரண்டு.

மூன்று.

குழியில் இறங்குகிறவர்களுக்கும் மேலே கயிறு பிடிக்கிறவர்களுக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் என்னைத் தூக்கு. இந்தத் தொழிலில் வாய் திறந்து கத்த முடியாத இடத்தில் இருப்பவன் பேசுகிற கடைசிப் பேச்சு அது.

ஈரக்காலோடு ஓடிப்போய் டிவியை அணைத்தாள். வீட்டுக்காரர் நாற்காலியில் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“இந்தச் சத்தத்துக்குத்தான் டிவியா? உள்ள யாரு ஐயா?”

“ரெண்டாயிரம் இல்ல, ஆறாயிரம் தர்றேன். மூடிட்டுப் போயிடும்மா.”

“யாருன்னு கேட்டேன்.”

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். “முந்நூறுக்கு ஒத்துக்கிட்டு இறங்கினான். கயித்தை என்னைப் பிடிக்கச் சொன்னான். மூணு தடவை இழுத்தான்மா. எனக்கு என்ன தெரியும்? கயிறு பத்தலன்னு நெனச்சேன். இன்னும் விட்டேன். அவன் மறுபடி மூணு இழுத்தான். நான் மறுபடி விட்டேன். கயிறு முழுசும் போயிடுச்சு.”

“தெரியாம விட்டது ஒரு பக்கம். தெரிஞ்சு மூடினீங்களே?”

“பயந்துட்டேன். தேடிக்கிட்டு ஒருத்தரும் வரல” என்றார். எழுந்தார். குடையைத் தேடினார், கிடைக்கவில்லை. மழையிலேயே நடந்து தெருவுக்குப் போய்விட்டார். அவரைச் சபிக்க அவளுக்கு வாய் வரவில்லை. பதினோரு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குளித்திருக்கிறார்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. வண்டி வாசலில் நின்றது. அவளும் போயிருக்கலாம்.

அவள் கணவரும் ஒருநாள் மூன்று முறை இழுத்தவர்தான். ஒரு கிடங்கின் கழிவுத் தொட்டியில். மேலே பத்துப் பேர் நின்றார்கள், விஷக்காற்று என்று ஒருவரும் கிட்டே போகவில்லை. தெருவில் போன யாரோ ஒரு ஆள், பையைக் கீழே வைத்துவிட்டு, குப்புறப் படுத்துக் கையை நீட்டித் தூக்கிப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் ஓடி வந்து சேர்வதற்குள் ஆள் இல்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பதினாறு வருடமாகத் தினமும் கணவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத கையை அவள் நினைத்துக்கொள்வாள். யாரிடம் வாங்கினோம் என்று தெரியாத கடனை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுக்காமல் இருக்கத்தான் கூடாது.

குளியலறைக்குத் திரும்பினாள்.

கையுறையைக் கழற்றினாள். மோட்டார் வேண்டாம், அது பிய்த்துவிடும். வயரை வெறுங்கையால் பிடித்து, முழு மூச்சோடு இழுத்தாள். வந்தது. கனமாக வந்தது. ஐம்பது. நாற்பது. உள்ளங்கை கிழிந்தது. முப்பது. அழுக்குத் தண்ணீர் ஒரு சுழி போட்டு, ஒரே மடக்கில் வடிந்தது. தரை தெரிந்தது. நாலு அங்குலக் குழாய் வாய் தெரிந்தது.

அதற்குள்ளிருந்து ஒரு கை.

ஊறி வெளுத்த கை. ஒரு பழந்துணியை விரல்களுக்கு நடுவே வைத்து, வயரைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தது. பொறுமையாக. ஒழுங்காக. முந்நூறுக்கு ஒத்துக்கொண்ட வேலையை இன்னும் முடிக்காதவன் போல. வயர் தீர்ந்ததும் துணி கீழே விழுந்தது. விரல்கள் தரையைத் தடவின. தேடின.

வயர்க்காவின் பல் கிட்டியது. ஓடு என்றது உடம்பு. “ஓட மாட்டேன்” என்று உரக்கவே சொன்னாள். குப்புறப் படுத்தாள். கன்னம் ஈரத் தரையில் பட்டது. கையை நீட்டினாள்.

பிடித்தது. ஐஸ். எலும்பு வரை ஐஸ்.

“வாங்க அண்ணே. தூக்குறேன்.”

காலைச் சுவரில் ஊன்றினாள். இழுத்தாள். மணிக்கட்டு வந்தது. அந்தச் சின்ன வாய் வழியே, வர முடியாதபடி, முழங்கையும் வந்தது.

முழங்கையை இன்னொரு கை பிடித்திருந்தது.

அது அவனுடையதல்ல. சின்னக் கை, இளசு. அதன் மணிக்கட்டில் அறுந்த கயிற்றின் துண்டு. அதை வேறொரு கை பிடித்திருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. குழாய்க்குள், இருட்டுக்குள், தொட்டிக்கும் அப்பால், தெருவுக்கும் அப்பால், கைக்குப் பின் கை. எல்லாம் அவள் பிடியில் கனத்தன. ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. சற்றுத் தூரத்தில் மறுபடி மூன்று. அதற்கும் அப்பால் மூன்று. மூன்று.

வீட்டில் ஒருவரும் இல்லை. தெருவில் மழை மட்டும். தோள் மூட்டு நெறிந்தது. அவள் பிடியை விடவில்லை. இரண்டாவது கையையும் குழாய்க்குள் நீட்டினாள். பல பேருடைய விரல்கள் ஒரே சமயத்தில் அதைப் பற்றிக்கொண்டன.

“ஒவ்வொருத்தரா வாங்க” என்றாள் வயர்க்கா. “நான் இங்கதான் இருக்கேன்.”