மேகவயல் கொசுறு

காலையில் எழுந்ததும் கயற்கண்ணி தன் வயலை அவிழ்த்து, மேக ஈரத்தைக் குடித்துவரக் கொஞ்ச தூரம் போகவிட்டாள். வெள்ளிக் கோளில் எல்லோரும் அப்படித்தான். கீழே தரை அடுப்பாய்க் கொதிக்கிறது; மேலே, பொன்னிற மேகங்களுக்குள், அறுபது தக்காளி வயல்கள் பலூன்களில் தூக்கம் கலையாமல் மிதக்கின்றன.

அழகுக்குக் குறைவில்லை, விலைக்குத்தான். வாங்க வருவது ஒரே கப்பல். அதற்கு எசமான் 'கொள்வான்' என்ற இயந்திரம். பழுத்த பழம் காத்திருக்காது என்று அதற்குத் தெரியும். சொன்ன விலைக்குக் கொடு, இல்லையென்றால் அழுகட்டும் என்று நிற்கும். எல்லோரும் வயிறெரிந்து கொடுத்தார்கள்.

இந்த முறை கயற்கண்ணி விடவில்லை. வேரில் பொருத்தும் 'காய்நிறுத்தி'யை அறுபது வயலிலும் வைக்கச் செய்தாள். அவள் சொல்லாமல் ஒரு காயும் பழுக்காது. கப்பல் ஒன்பது நாள் பச்சைக் காய்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. பத்தாம் நாள் கொள்வான் இறங்கி வந்து, கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டது.

"இத்தனை வருஷம் ஏன் எங்க வயித்துல அடிச்சே?" என்றாள்.

"மனுஷங்க வாங்குறதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்க்கா. விலை ஒட்டின டப்பான்னா பேசாம வாங்குறாங்க. விளைவிச்சவங்களே கொண்டாந்து வித்தா அடிச்சுப் பேசுறாங்க. இனிமே உங்களைப் பார்த்துக் கத்துக்கிறேன்."

அவள் சிரித்தபடி காய்நிறுத்திகளை அணைத்தாள். மேகமெங்கும் மெல்லச் சிவப்பு பரவியது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கியது.

கொள்வானே அவளைத் தோணியில் வீட்டுக்கு அழைத்துப் போனது. வழியில் சூசைமரி, ஒற்றைத் தெப்பத்தில் தான் வளர்த்த கீரையோடு மிதந்துகொண்டிருந்தாள். கயற்கண்ணி ஒரு கீரைக்கட்டை எடுத்துப் புரட்டினாள்.

"கட்டு ரொம்பச் சின்னதா இருக்கே மரி. கொசுறா ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடு."

சூசைமரி போட்டாள். கொள்வான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அது வந்து, பேசிய விலையை முணுமுணுக்காமல் கொடுத்தது. பிறகு ஒரு கூடையைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தது.

"கூடை ரொம்பச் சின்னதா இருக்கேக்கா. கூடைக்குப் பத்துப் பழம் கொசுறா போடுங்க."

கயற்கண்ணி திரும்பிப் பார்த்தாள். அறுபது வயலும் பழுத்து நின்றன.