நீலக் கூப்பேயின் பின்புறம்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், செங்குட்டுவனும் மொய்னுதீனும் நெய்வேலி நகரியத்தின் பழைய வட்டமொன்றில் இருந்த அதிகாரிகள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தனர். ஆண்டு இரண்டாயிரத்துப் பதினான்கு. இருவரும் பக்கத்திலிருந்த வடக்குத்து என்னும் ஊரில் கூட்டாகக் கார்ப் பணிமனை நடத்தி வந்தனர். எஞ்சின் செங்குட்டுவனின் பொறுப்பு; துருவேறிய தகட்டை வெட்டி, தட்டி, உருவாக்கும் டிங்கர் வேலை மொய்னுதீனுடையது. நாற்பது வயதைக் கடந்தபின், சென்ற மாதந்தான் அவன் ஷப்னத்தை மணந்திருந்தான்.

"இன்னா பாய், வழியெல்லாம் போனையே பாத்துக்கினு வர்ற?"

"பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வரணுமாம். இல்லாட்டி பிரியாணிய பக்கத்து வூட்டுக்குக் குடுத்துடுவாளாம்."

"அப்ப நான் உன் பக்கத்து வூட்டுக்குக் குடி வந்துடறேன்."

வாயிலில் பிரபாவதி அம்மையார் நின்றிருந்தார். கணவர் காலமாகிவிட்டமையால், குவார்ட்டர்ஸை அவர் காலி செய்தாக வேண்டியிருந்தது. பின்கொட்டகையில் கிடந்த காரை எடுத்துப்போகும்படி அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும், ஈரச் சாம்பலின் நெடியும் எலிகளின் நாற்றமும் முகத்தில் அறைந்தன. அவற்றினூடே, ஆள் படுத்தெழுந்த பாயில் எஞ்சியிருப்பது போன்ற ஒரு வெதுவெதுப்பு.

உள்ளே நின்றது இரண்டே கதவுகள் கொண்ட நீலக் கூப்பே. அதன் கூரை பின்னோக்கி அழகாகச் சரிந்து இறங்கியிருந்தது. சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்தில் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் கப்பலில் வரவழைத்த கார். அவ்வகையில் இந்நாட்டுக்கு வந்தவை மிகச் சிலவே. கதவடிகள் அரித்துப் போயிருந்தன. இருக்கைத் தோல் வெடித்திருந்தது. பின்கண்ணாடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறுகியிருந்தது.

மொய்னுதீன் பின்தகட்டை உள்ளங்கையால் தடவினான். அங்கே மட்டும் சிறு சிறு குழிவுகள் நெருக்கமாக இருந்தன.

"இது எதுலயும் மோதினது இல்ல, செங்குட்டு. யாரோ கையால குத்துன மாதிரி இருக்குது" என்றான்.

காரின் முகப்பு உள்நோக்கி இருந்தது. அதைப் பின்னோக்கித் தள்ளி முற்றத்தில் திருப்ப வேண்டும். முற்றத்தின் எல்லையில் உயர்ந்த மதிற்சுவர். காருக்கோ பிரேக் அறவே இல்லை. ஆகவே, மொய்னுதீன் பின்னால் நின்று, வேண்டும்பொழுது சக்கரத்தின் கீழ்க் கட்டை போடுவதென முடிவாயிற்று. செங்குட்டுவன் ஸ்டீயரிங்கைப் பற்றி அமர்ந்தான். தோட்டக்காரர் பாவாடை முன்புறம் நின்று தள்ளினார்.

பின்தகட்டில் தட்டுச் சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

வண்டியைப் பின்னெடுக்கையில், தொடர்ந்து தட்டினால் வரலாம். ஓங்கி ஒரே அடி அடித்தால் நிற்க வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் பழகிய எவரும் அறிந்த வழக்கம் இது. "வரேன் பாய்" என்று செங்குட்டுவன் குரல் கொடுத்தான். கார் பாதியளவு வெளியே வந்துவிட்டது.

அப்பொழுது அவனருகே, கதவோரமாக வந்து நின்றான் மொய்னுதீன். கையில் கட்டை.

"நம்ம வண்டியிலேந்து கட்டை எடுத்தாரதுக்குள்ள இன்னாய்யா அவசரம்?"

செங்குட்டுவன் இறங்கிப் பின்புறம் சென்று பார்த்தான்.

எவரும் இல்லை.

பிரபாவதியின் முகம் வெளிறிவிட்டது. "கேட்டுச்சா?" என்றார், மெல்லிய குரலில். "அந்த வெளிநாட்டுக்காரர்கிட்ட சடையப்பன்னு ஒருத்தர் வேலை பார்த்தாராம். தொடர்ந்து தட்டினா வரலாம்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே சடையப்பன்தான். ஒருநாள் சுவத்துக்கும் காருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார். மூச்சு முட்டி, ரெண்டு கையாலயும் படபடன்னு தட்டியிருக்கார்."

"அப்புறம்?"

"வெளிநாட்டுக்காரர் வந்துக்கிட்டே இருந்துட்டார்."

மழை மீண்டும் தூறலாயிற்று. பாதி வெளியே நின்ற காரை அப்படியே விட்டுச் செல்லவும் வழியில்லை.

"இதுக்குப் பயந்தா நான் தகட்டுலயே கை வைக்க முடியாது" என்றான் மொய்னுதீன். "செங்குட்டு, நான் காரைத் தொடவே மாட்டேன். வாயாலதான் சொல்லுவேன். தட்டுற சத்தம் கேட்டா அது நான் இல்ல. காதுல வாங்காத."

செங்குட்டுவன் மீண்டும் அமர்ந்தான்.

"வரட்டும்… வரட்டும்…" பின்னாலிருந்து மொய்னுதீனின் குரல் தெளிவாக ஒலித்தது.

தட். தட்.

செங்குட்டுவன் ஸ்டீயரிங்கை இறுகப் பற்றினான். அது பாய் இல்லை.

"காதுல வாங்காத! வரட்டும்…"

தட். தட். தட். தட்.

அது பாய் இல்லை. அவன் பற்களைக் கடித்துக்கொண்டான். தட்டல் விரைந்தது, கூரையும் இருக்கையும் அதிர்ந்தன. இரு கைகளும் வெறிகொண்டு அடிப்பது போன்ற ஓசை. இறுகிக்கிடந்த சாம்பல், கண்ணாடியிலிருந்து செதில் செதிலாய் உதிர்ந்தது.

அது பாய் இல்லை.

சட்டென்று எல்லாம் அடங்கிற்று.

மொய்னுதீனின் குரலையும் காணோம்.

"பாய்?"

செங்குட்டுவன் முன்புறம் திரும்பிக் கத்தினான்.

"பாவாடை, தள்ளாதீங்க!"

"நான் எங்க சார் தள்றேன்? கையெடுத்து நேரமாச்சி!"

கார் நகர்ந்துகொண்டிருந்தது.

செங்குட்டுவன் வெளியே குதித்தான். மதிலுக்கும் காருக்கும் இடையே மொய்னுதீன் நசுங்கி நின்றான். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. சக்கரத்தின் கீழ்க் கட்டை போடப்பட்டுத்தான் இருந்தது. ஆனால், அது இரண்டாகப் பிளந்திருந்தது.

அவனும் பிரபாவதியும் முன்புறத்துக்கு ஓடி, பாவாடையோடு சேர்ந்து பம்பரைப் பற்றி இழுத்தனர். சமதரையில் நின்ற கார் அசைய மறுத்தது. எதிர்ப்புறத்திலிருந்து ஒருவர் இழுத்துப் பிடித்திருப்பதைப் போலவே இருந்தது. பிரபாவதி அழுதுகொண்டே, "சடையப்பா, இவரு இல்லப்பா! உனக்கு ஒண்ணும் செய்யலப்பா!" என்று கதறினார்.

கார் சாணளவு விட்டுக்கொடுத்தது.

அந்தச் சாணளவில்தான் மொய்னுதீன் உயிர் பிழைத்தான்.

மருத்துவமனையில் விலா எலும்புகளுக்குக் கட்டுப் போட்டிருந்தனர். காலை வெயில் சன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. செங்குட்டுவன் அருகில் அமர்ந்து, தேம்பலை அடக்கமாட்டாமல் பேசினான்.

"நீ அவ்ளோ நேரம் தட்டியும் நான் வுட்டுட்டேனே, பாய்."

மொய்னுதீன் தலையை மெல்லத் திருப்பினான்.

"நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையையும்தான் பிடிச்சிக்கினு இருந்தாங்களே."

அவனுடைய மணிக்கட்டுகளைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் விரல் தடங்கள் பதிந்திருந்தன. ஷப்னம் ஈரத்துணியை வைத்துவிட்டு எழுந்தாள். "ராத்திரியெல்லாம் துடைக்கிறேன் அண்ணே, போகவே மாட்டேங்குது" என்று சொல்லி, வெந்நீர் கொண்டுவர வெளியே போனாள்.

கட்டிலருகே இப்பொழுது செங்குட்டுவன் மட்டுமே இருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அத்தடங்களின் கீழிருந்த தோல், ஒவ்வொரு விரலாக, மெல்ல உள்ளே அமிழ்ந்தது.