மடையருகே அணையும் மோட்டார்

டிரம்மில் ஊற்றியது போர்வெல் தண்ணீர். ஜனகராஜே நின்று, குழாயைப் பிடித்து நிரப்பியது. ஆனால் படகு மோட்டாரை அதில் இறக்கி ஓடவிட்டதும், அதன் விலாவில் இருந்த ஓட்டையிலிருந்து பீய்ச்சி அடித்தது கண்மாய்த் தண்ணீர். பாசியும் சேறும் அழுகின தாமரைத் தண்டும் கலந்த வாடை கோச்சடையில் இருந்த அவர் மோட்டார் பட்டறை முழுக்கப் பரவி, காலையில் போட்ட சாம்பிராணி வாசத்தையும் மூடிவிட்டது.

உள்ளே நின்ற பழைய தண்ணீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இந்த மாதிரி மோட்டார், சூடு தணிய அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, விலா வழியாக வெளியே துப்பும். பழைய தண்ணீர் என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விட வேண்டும். இது போகவில்லை. டிரம்முக்குள் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. தரையில் வந்து விழுந்தது மட்டும் பச்சையாக, கொழகொழவென்று இருந்தது.

ஜனகராஜுக்கு கிரீஸோ கரியோ ஒரு பொருட்டே இல்லை. பம்புசெட், ஜெனரேட்டர், படகு மோட்டார் என்று அதற்குள்ளேயே ஊறிப்போன கை. ஆனால் சோற்றில் ஒரே ஒரு முடி கிடந்தால் போதும், மனைவி பத்மாசினி எவ்வளவு கெஞ்சினாலும் தட்டை அப்படியே விட்டு எழுந்துவிடுவார். அன்றைக்கு முழுக்க எச்சில் விழுங்கக்கூட யோசிப்பார். அப்படியொரு சுத்தக்காரர்.

மோட்டாரைக் கொண்டுவந்த மலையாண்டி, திருநகருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகைக்காரரிடம் படகு ஓட்டுகிறவன். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. அதன் பின்தட்டில் ஒரு வயசான பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேகமாப் போனா ஒரு குத்தமும் இல்லண்ணே. மெதுவா விட்டாத்தான் திக்குது. அதுலயும் மடைக்குப் பக்கத்துல போனதும் பொசுக்குனு அமந்துருது."

"மெதுவா எதுக்குய்யா போகணும்?"

மலையாண்டி செல்போனை எடுத்தான். "கொக்கி வச்ச பாதாளக்கரண்டியக் கட்டி அடியில இழுக்குறோம்ணே. வேகமாப் போனா கரண்டி மேல வந்துருது. வலை போடப் போன எந் தம்பி உள்ள விழுந்துட்டான். ரெண்டு நாளாச்சு, இன்னும் மேல வரல. தீயணைப்புக்காரவுகளும் தேடிப் பாத்துட்டுப் போயிட்டாக."

அதில் தம்பி போட்டோவைக் காட்டினான். அருண்பாண்டி. இருபது வயசு இருக்கலாம். தலைமுடிக்குச் செம்பு நிறத்தில் சாயம் அடித்து, நெற்றியில் விழவிட்டிருந்தான்.

"ஆட்டோவுல இருக்கிறது ஆத்தாண்ணே. தங்கப்பொண்ணு. மகனைக் கண்ணுல காட்டுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு உக்காந்துருக்கு. இனிமே தாங்காது. அம்புட்டுதேன். இன்னிக்குள்ள இந்தத் திக்குறத நிக்கவச்சுருங்கண்ணே."

ஜனகராஜ் குனிந்து காது கொடுத்தார். மோட்டார் மெதுவாக ஓடியது. டுகு, டுகு, டுகு என்று நாலைந்து தரம் அடித்துவிட்டு ஒரு அடியை விட்டது. குறட்டை விடுகிறவனுக்கு நடுவில் மூச்சு நின்று, பக்கத்தில் படுத்திருப்பவர் பதறிப்போகிற நேரத்தில் மறுபடி கிளம்புமே, அதே மாதிரி. கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத் தன் மூச்சும் அங்கங்கே நிற்பதாகத் தோன்றவே, எரிச்சலாக நிமிர்ந்துகொண்டார்.

ரெண்டு சிலிண்டர் மோட்டார். ஓடும்போதே மேல் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றினார். சத்தம் தடுமாறியது. மாட்டிவிட்டுக் கீழ் வயரைக் கழற்றினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கீழ் சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தது.

"புது பிளக் வேணும். காளவாசல் கடையில கிடைக்கும், போயி வாங்கிட்டு வா" என்றார். மலையாண்டி யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு ஓடினான். ஜனகராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பழைய பிளக்கைக் கழற்றினார்.

கரி பிடித்திருந்தால் கறுப்பாக இருக்கும். தண்ணீர் போயிருந்தால் முத்து முத்தாக நிற்கும். இதன் முனையில் வெள்ளையாக, தடியாக ஏதோ அப்பியிருந்தது. கறிக்குழம்பு ஆறின பிறகு மேலே ஏடு கட்டுமே, அந்தக் கொழுப்பு. பிளேடால் சுரண்டியபோது அது வெதுவெதுவென்று விரலில் ஒட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் சாக்கடையில் உதறினார். சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினார். கழுவியும் வழுவழுப்பு போகவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வேட்டியைப் பார்த்தே முகம் சுளித்தார்.

அடுத்தது பெட்ரோல். டேங்கில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கை பம்பு ஒன்று அலமாரியில் இருக்கத்தான் செய்தது. ஆனால் பட்டறைப் பழக்கம் யாரை விட்டது? டியூபின் ஒரு முனையை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, பெட்ரோல் உதட்டைத் தொடும்போது எடுத்துவிடுவார். முடிக்கு அத்தனை கூப்பாடு போடுகிறவருக்கு இதில் மட்டும் கூச்சமே கிடையாது. பெட்ரோல் சுத்தமானது, எந்தக் கிருமியும் அதில் பிழைக்காது என்பது அவர் வாதம்.

உறிஞ்சினார்.

வந்தது பெட்ரோல் இல்லை.

வெதுவெதுப்பாக இருந்தது. கஞ்சி மாதிரி தடித்திருந்தது. முதலில் உப்புக் கரித்து, பிறகு ஒரு கெட்ட இனிப்பு நாக்கின் அடியில் இறங்கியது. துப்ப வாயைத் திறப்பதற்குள் தொண்டை தன் பாட்டுக்கு ஒரு மடக்கு விழுங்கிவிட்டது. ஜனகராஜ் சாக்கடை ஓரம் மண்டியிட்டு ஓங்கரித்தார். காப்பி வந்தது, மத்தியானச் சோறு வந்தது, அது மட்டும் வரவில்லை.

நாக்கின் பின்பக்கம் ஏதோ உறுத்தியது. விரலை விட்டுத் துழாவினார்.

முடி.

உடம்பெல்லாம் கூசியது. நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. சாண் நீளம், முழ நீளம், தொண்டையின் சதையை உரசிக்கொண்டு நனைந்த நூலாக வந்துகொண்டே இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தார். செம்பு நிறம்.

அப்போது உள்ளேயிருந்து யாரோ அதை வெடுக்கென்று இழுத்தார்கள். விரலிலிருந்து நழுவி, முழுவதும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ. சாயங்கால வெயில் மங்கியிருந்தது. தங்கப்பொண்ணு ஆட்டோவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முன்பு தெருவைப் பார்த்திருந்தவள் இப்போது பட்டறைக்குள் பார்த்தாள்.

ஜனகராஜ் எழுந்தார். கார்புரேட்டரைக் கழற்றினார். ஏன் கழற்றுகிறோம் என்றே தெரியவில்லை. கைக்கு மட்டும்தான் அடுத்த வேலை தெரிந்தது. அடிக்கிண்ணத்தைத் திறந்தார். பெட்ரோல் நிற்க வேண்டிய இடத்தில் வெளுத்த தோல் ஒன்று மடிந்து கிடந்தது. நாள் கணக்காகத் தண்ணீரில் ஊறினது. சவ்வு மாதிரி. ஸ்குரூ டிரைவரால் விரித்தார். ரேகை தெரிந்தது. விரல் ரேகை.

தூக்கிச் சாக்கடையில் எறிந்தார். எறிந்த பிறகுதான் புத்தி வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய்விட்டது. பிளக்கில் சுரண்டியதையும் இந்தத் தண்ணீர்தான் கொண்டுபோயிருக்கிறது. இத்தனை பேர் கரண்டி போட்டுத் தேடுகிறவனை, இவர் அசிங்கம் என்று வாரி வாரிச் சாக்கடையில் போட்டிருக்கிறார். அவனைப் பெற்றவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்க.

சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? சாக்கடையில் போனதைச் சொல்லலாம். வயிற்றுக்குள் போனதை?

சொல்லாமல் விட்டுவிடுவோம் என்று அவருக்குள் இருந்த கோழை சொன்னான். கழுவி, மாட்டி, கொடுத்து அனுப்பிவிடு. ஜனகராஜ் கழுவினார். மாட்டினார். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினார். மலையாண்டி புது பிளக்கோடு வந்தான். அதையும் மாட்டிக் கயிற்றை இழுத்தார்.

மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. டுகு டுகு டுகு டுகு. ஒரு அடிகூட விடவில்லை. விலா ஓட்டையிலிருந்து தெளிந்த போர் தண்ணீர் கம்பியாக விழுந்தது.

"ஆகா! திக்குறது நின்னுருச்சுண்ணே!" மலையாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். "இப்பயே தூக்கிட்டுப் போறேன். இருட்டுறதுக்குள்ள மடைப் பக்கம் ஒரு சுத்து போட்டுரலாம்."

ஜனகராஜ் வாயை இறுக மூடியிருந்தார். அவர் நெஞ்சு நாலு தரம் அடித்தது. ஒரு அடியை விட்டது. நாலு தரம் அடித்தது. விட்டது. விட்ட இடத்தில் வேறொன்று அசைந்தது.

மூக்கு வழியாகக் கண்மாய்த் தண்ணீர் சொட்டியது.

"ஆத்தா, நீ எதுக்கு எறங்குற? உக்காரு."

தங்கப்பொண்ணு மலையாண்டி பேச்சைக் காதில் வாங்கவில்லை. மோட்டாரையும் பார்க்கவில்லை. நேராக ஜனகராஜிடம் வந்தாள். எதிரே நின்று மூச்சை இழுத்து முகர்ந்தாள். அழுதழுது வீங்கிய முகம் மெல்ல மலர்ந்தது.

"வந்துட்டியாய்யா" என்றாள்.

ஜனகராஜ் தலையை ஆட்டினார். இல்லை. இல்லை. பின்னால் நகர்ந்தார். சுவர் முட்டியது.

காய்ந்த உள்ளங்கை அவர் தாடையைத் தொட்டது. "ஆத்தா வந்துருக்கேன்டா அருணு. வாயத் தொற, ராசா."

அவர் பல்லைக் கடித்தார். முழு பலத்தோடு கடித்தார். தொண்டையில் ஏறியது. நாக்கைத் தள்ளியது. பல் வரிசைக்குப் பின்னால் வந்து நின்றது. காத்திருந்தது.

"அண்ணே?" என்றான் மலையாண்டி. "அண்ணே, என்ன அது?"

தாடை திறந்தது. அவர் திறக்கவில்லை.

கீழுதட்டின் மேல் நாலு விரல்கள் வரிசையாக வந்து படிந்தன. வெளுத்து, ஊறி, சுருங்கிப்போன விரல்கள். தங்கப்பொண்ணு கைக்குழந்தைக்கு நீட்டுகிற மாதிரித் தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவை அதை இறுகப் பற்றிக்கொண்டன.