இறங்கும்போது வாங்கிக்கிறேன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டும் அவள், ஒரு மாதம் கழித்து அந்தப் பஸ்ஸில் மறுபடி ஏறினாள். அதே சாயங்கால வண்டி, அதே கண்டக்டர். இத்தனை நாளும் இரண்டு வண்டி மாறிச் சுற்றிக்கொண்டு போனாள். வீட்டில் கேட்டதற்கு, "அதுல கூட்டம் தாங்கல" என்று சொல்லிவைத்தாள். பொய் சொல்வதில் அவள் அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. ஒரே ஒரு பொய்யை மட்டும் கச்சிதமாகச் சொன்னாள், அதுவும் வாயைத் திறக்காமல்.

தூங்குவதுபோல் நடித்தாள், அவ்வளவுதான். நாம் யாரும் செய்யாததா?

ஒரு மாதத்துக்கு முன், அன்றைக்கு நெரிசல். நின்றுகொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண் ஆரஞ்சுப் பழம் நிறைந்த பையை, சீட்டில் உட்கார்ந்திருந்த இவளிடம் நீட்டி, "அம்மா, இதைக் கொஞ்சம் மடியில வெச்சிக்கிறீங்களா? இறங்கும்போது வாங்கிக்கிறேன்" என்றாள். நாள் முழுக்க நின்ற அலுப்பு இவளுக்கு. பாதி மூடியிருந்த கண்ணை முழுக்க மூடிக்கொண்டாள். பக்கத்து சீட்காரர் இவள் தோளைத் தட்டப் போனார். அந்தப் பெண்தான் தடுத்தாள்.

"எழுப்பாதீங்க, பாவம். அசந்து தூங்குறாங்க."

அடுத்த வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பியது. ஒரு கையில் பை. இன்னொரு கை கம்பியை எட்டுவதற்குள் அந்தப் பெண் படிக்கட்டு வழியாக வெளியே போய்விட்டாள். அங்கேயே உயிரும் போனது. சிதறிய ஆரஞ்சுகள் சீட்டுக்கடியில் வெகுநேரம் உருண்டன.

பாவம். அந்தச் சொல்லைத்தான் ஒரு மாதமாக மென்றுகொண்டிருக்கிறாள். இரக்கப்பட்டுச் சொன்ன சொல், இவள் செய்த காரியத்துக்கே பெயராகிவிட்டது. பையை வாங்கியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்.

இன்றைக்கு ஏறியது மன்னிப்புக் கேட்க. போய்ச் சேர்ந்தவளிடம் வேறு எங்கே போய்க் கேட்பது?

கடைசி ஸ்டாப்புக்கு முந்தைய ஸ்டாப்பில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள்; அவள் மட்டும் இன்னும் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். "வண்டியே காலி, ஏம்மா ஒத்தக்கால்ல தவம் பண்றீங்க?" என்று சிரித்துவிட்டு, கண்டக்டர் டிரைவரிடம் பேசப் போனார். அவள் மெல்ல அதே சீட்டில் உட்கார்ந்தாள்.

"நான் அன்னைக்குத் தூங்கலைங்க," என்று காலியிடத்தைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "முழிச்சிட்டுதான் இருந்தேன். மன்னிச்சிடுங்க."

அழுகை முட்டியது. கண்ணை மூடினாள்.

ஆரஞ்சுத் தோல் வாசனை.

மடியில் ஏதோ வந்து அமர்ந்தது. உருண்டை உருண்டையாக, கனமாக.

"தெரியும்மா." காதோரம், மூச்சுக்காற்றே இல்லாத குரல். "கொஞ்சம் வெச்சிக்கோங்க. இறங்கும்போது வாங்கிக்கிறேன்."

எழப் பார்த்தாள். கால் அசையவில்லை. இமை திறக்கவில்லை.

கனம் ஏறிக்கொண்டே போனது.

வண்டி நின்றது. என்ஜின் அடங்கியது. கண்டக்டரின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா, கடைசி ஸ்டாப். எழுந்திரிங்க."

அவள் அலறினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும், விழித்துவிடலாம் என்று தோன்றியது. அவர் கை தோளருகே வந்த சூடு தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து இதமாக ஒரு குரல்:

"எழுப்பாதீங்க, பாவம்."

காலி வண்டியில் யாரது என்று அவர் திடுக்கிடுவார், கத்துவார் என்று அவள் காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றார் கண்டக்டர், தினமும் கேட்கிற குரலுக்குப் பதில் சொல்வதுபோல. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.